காய்ச்சல் இறங்கிய பிறகும் மூச்சைக் கவனியுங்கள்: மலேரியாவும் நுரையீரலும்

மலேரியாவுக்கு மருந்து ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். காய்ச்சல் இறங்குகிறது. ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. நோயாளி கொஞ்சம் கஞ்சி குடிக்கிறார், வீட்டில் இருப்பவர்களுக்கு உயிர் வருகிறது. சிலருக்குச் சரியாக இந்தக் கட்டத்தில்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சில மணி நேரத்திலேயே வென்டிலேட்டர் வைக்க வேண்டிய நிலைக்கும் போய்விடலாம்.

மலேரியா முற்றினால் மூளைக்குப் போகும், சிறுநீரகம் கெடும், மஞ்சள் காமாலை வரும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். நுரையீரலையும் அது இப்படித் தாக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலேரியா வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் நேரத்தோடு மருந்து சாப்பிட்டால் மாத்திரையிலேயே குணமாகிவிடுவார்கள். ஆனால் தீவிர மலேரியா என்ற நிலைக்குப் போகும் பெரியவர்களில், ஆய்வுகளைப் பொறுத்து, 100க்கு 5 முதல் 25 பேர் வரை நுரையீரல் பாதிப்புக்கு ஆளாகிறார்கள். அதில் மாட்டியவர்களுக்கு வென்டிலேட்டர் வசதி இல்லாவிட்டால் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள். வசதி இருக்கும் இடத்திலும் அது எளிதான போராட்டம் இல்லை. அதனால் இதை மருத்துவர்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நுரையீரலில் நடப்பது என்ன?

நாம் இழுக்கும் மூச்சு கடைசியில் போய்ச் சேரும் இடம் காற்று நுண்ணறைகள். ஒரு ஆளின் நுரையீரலில் இவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு நுண்ணறையைச் சுற்றியும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கனம். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கணப்பொழுதில் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. அந்தச் சுவர் கெட்டுப்போவதுதான் நம்முடைய பிரச்சினை.

மலேரியாக் கிருமி வாழ்வது சிவப்பணுக்களுக்குள். மனிதர்களைத் தாக்கும் வகைகளில் ஃபால்சிபாரம் என்பது மிக மோசமானது. இந்தக் கிருமி வளர வளர, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் வெளிப்பக்கத்தில் முடிச்சு முடிச்சாக ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது. அந்தச் சிவப்பணு சுற்றி ஓடாமல் நுண்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் வழியாகப் போனால் அது பிடித்து அழித்துவிடும் என்பதால், ஒட்டிக்கொண்டு ஒளிவது கிருமிக்குத் தப்பிக்கும் வழி. மூளையில் ஒட்டினால் மயக்கமும் வலிப்பும். நுரையீரலிலும் இதே கதைதான். ரத்தப் பரிசோதனையில் கிருமி கம்மியாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நோய் லேசானது என்று சொல்லிவிட முடியாததற்கும் இதுதான் காரணம். விரலில் குத்தி எடுத்த சொட்டில் வருவது ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்கள் மட்டும்தான், ஒட்டிக்கொண்டவை அதில் வராது.

ஆனால் அடைப்பு மட்டுமே நுரையீரலைக் கெடுப்பதில்லை. ஒட்டிய இடத்தில் உடம்பின் பாதுகாப்புப் படை வந்து கூடுகிறது. வெள்ளையணுக்கள், அவை வெளிவிடும் அழற்சிப் பொருட்கள், சிவப்பணு வெடிக்கும்போது சிந்தும் கிருமியின் கழிவு நிறமி எல்லாம் சேர்ந்து நுண்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கிவிடுகின்றன. புண்ணான சுவர் கசிய ஆரம்பிக்கிறது. சூளையிலிருந்து வந்த புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் ஈரம் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ரத்தத்தில் இருக்கும் நீரும் புரதமும் கசிந்து நுண்ணறைகளுக்குள் இறங்குகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

மருத்துவமனையில் இதற்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர் சொல்வார்கள். திடீரென்று வரும் கடுமையான மூச்சுத் திணறல் நிலை என்று புரிந்துகொள்ளலாம். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். மலேரியாவில் மட்டும் வருவதில்லை. நிமோனியா, டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், கொரோனா எதிலும் வரலாம். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோப்பது வேறு, இது வேறு. இங்கே இதயம் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். கெட்டது குழாயின் சுவர்.

மருந்து ஆரம்பித்த பிறகு ஏன்?

இதுதான் பலரையும் குழப்பும் இடம். கிருமி சாகிறது, நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, டாக்டர் தப்பான ஊசி போட்டுவிட்டார் என்றோ குடும்பத்தினர் நினைப்பது இயல்பு.

அழற்சிக்குக் கிருமியின் எண்ணிக்கையோடு நேர்க் கணக்கு கிடையாது. அது ஒருமுறை கிளம்பிவிட்டால், கிளப்பிவிட்டது போன பிறகும் தன் போக்கில் சில நாள் ஓடும். கிருமி செத்தாலும் அதன் உடைந்த துண்டுகளும் நிறமியும் நுண்குழாய்களில் கிடக்கின்றன, அவற்றை அகற்ற வெள்ளையணுக்கள் மேலும் மேலும் வந்து சேருகின்றன. இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் ஆய்வாளர் நிக்கோலஸ் ஆன்ஸ்டியும் அவருடைய குழுவினரும், வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா வந்த நோயாளிகளின் நுரையீரல் எவ்வளவு நன்றாக வாயுவைக் கடத்துகிறது என்று அளந்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு அந்தத் திறன் இன்னும் குறைவதை அதில் காட்டினார்கள். அத்தனைக்கும் அவர்களில் பலர் மூச்சுத் திணறல் எதுவும் இல்லாத சாதாரண நோயாளிகள். மலேரியாவில் பலருக்கு லேசான வறட்டு இருமல் வருவதுகூட இந்தப் பாதிப்பின் சிறிய வடிவமாக இருக்கலாம்.

ஆக, மூச்சு வாங்குகிறது என்று மலேரியா மருந்தை நிறுத்துவது பெரிய ஆபத்து. மருந்து தொடர வேண்டும், அதோடு நுரையீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘வைவாக்ஸ்தானே’ என்று விடக் கூடாது

வைவாக்ஸ் வகை மலேரியா ஆளைக் கொல்லாது, வாட்டி எடுக்கும், அவ்வளவுதான் என்று நீண்ட காலம் பாடம் சொல்லப்பட்டது. அந்த எண்ணத்தை அசைத்ததில் ராஜஸ்தானின் பிகானேர் மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தீவிர நிலையில் வந்த நோயாளிகளைப் பரிசோதித்தபோது சிலருக்கு வைவாக்ஸ் மட்டுமே இருந்தது, ஃபால்சிபாரம் கலக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்ததோடு நிற்காமல் மரபணுச் சோதனையிலும் அதை உறுதிசெய்து 2005இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், மயக்கத்தில் வந்தவர்களோடு ஏஆர்டிஎஸ் வந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது நேராகப் பொருந்துகிறது. இங்கே வருவது பெரும்பாலும் வைவாக்ஸ்தான். கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் முட்டையிடும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி கொசுவால் சென்னை மலேரியாவுக்குப் பழக்கப்பட்ட ஊர். ஃபால்சிபாரமோ, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளுக்குப் போய் வந்தவர்களிடமும் அங்கிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களிடமும் அதிகம் தென்படும். வைவாக்ஸில் நுரையீரல் பாதிப்பு வருவது ஃபால்சிபாரத்தைவிட அபூர்வம், வந்தாலும் பிழைப்பவர்கள் அதிகம். அபூர்வம் என்பதற்காக அதை நினைத்துப் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது.

இலங்கையின் நிலைமை வேறு. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லாமல், 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரிய சாதனை அது. அதன் மறுபக்கம், இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் மலேரியாவை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ திரும்பிய ஒருவர் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக வந்தால், நிமோனியா என்ற எண்ணம்தான் முதலில் வரும். போய் வந்த ஊரை நோயாளியே எடுத்துச் சொல்வது அங்கே உயிரைக் காக்கும் தகவல்.

எல்லா மூச்சிரைப்பும் ஒன்றல்ல

குழந்தைகள் விஷயத்தில் படம் மாறுகிறது. சின்னக் குழந்தைகளுக்கு மலேரியாவில் ஏஆர்டிஎஸ் வருவது அரிது. ஆனால் மூச்சிரைப்பு வரும், அதுவும் மிக ஆபத்தான அறிகுறி. 1995இல் கென்யாவின் கிலிஃபியில் கெவின் மார்ஷும் சக ஆய்வாளர்களும் 1,844 குழந்தைகளைப் பார்த்து எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. நினைவு தடுமாறுவது, மூச்சுத் திணறுவது என்ற இரண்டில் ஒன்றாவது இருந்த குழந்தைகளிடம்தான் பெரும்பாலான மரணங்கள் நிகழ்ந்தன.

அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் பெரும்பாலும் நீர் கோத்திருக்காது. நுண்குழாய்கள் அடைபட்டு, ரத்தமும் குறைந்துபோனதால் உடம்பின் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடுகிறது. அமிலத்தைக் குறைக்க உடம்பு கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றப் பார்க்கிறது. அதனால் குழந்தை ஆழமாக, பெருமூச்சு மாதிரி விட்டுக்கொண்டே இருக்கும். கடுமையான ரத்தசோகையாலும் இரைக்கும், அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டும். இவற்றோடு நிமோனியாவும் சேர்ந்து வரலாம், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி மூச்சிரைப்பு. உள்ளே காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆக்சிஜன் அளவு, ரத்தத்தின் அமில அளவு, ஹீமோகுளோபின், எக்ஸ்ரே எல்லாவற்றையும் மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். ‘மலேரியான்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு இத்தனை டெஸ்ட்?’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிரசவம் முடிந்த உடனே அது திடீரென்று வரலாம், ஏனென்றால் கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த ரத்தம் ஒரே நேரத்தில் உடம்பின் சுற்றோட்டத்துக்குத் திரும்புகிறது. குழந்தை பிறந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று கவனிப்பைத் தளர்த்திவிடக் கூடாத நேரம் அது.

‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’

காய்ச்சலில் சோர்ந்து கிடப்பவருக்கு டிரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக ஊறிவிட்டது. ஏற்றாத டாக்டரை வைத்தியம் தெரியாதவர் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். தீவிர மலேரியாவில் இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கலாம்.

குழாய்ச் சுவர் கசிந்துகொண்டிருக்கும்போது உள்ளே நீர் கூடினால் கசிவும் கூடும். சிறுநீரகமும் மந்தமாகியிருந்தால் ஏற்றிய நீர் வெளியேற வழியில்லை, நுரையீரலில்தான் தேங்கும். வங்கதேசத்திலும் இந்தியாவிலும் தீவிர மலேரியா வந்த பெரியவர்களுக்குத் தாராளமாக நீர் ஏற்றி, நுரையீரலில் எவ்வளவு சேருகிறது என்று அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி ரத்தத்தின் அமிலநிலை சீராகவில்லை, சிறுநீரகமும் தேறவில்லை, சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. இங்கே திசுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவிப்பதற்கு முக்கியக் காரணம் குழாய்கள் அடைபட்டதுதான். நீரை ஊற்றி அந்த அடைப்பை எடுக்க முடியாது.

குழந்தைகளிடம் கிடைத்த சான்று இன்னும் பெரியது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் 100க்கு 10 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் சுமார் 7 பேர். உலகம் முழுக்க எல்லோரும் சரி என்று செய்துவந்த ஒரு வேலை, அந்தக் குழந்தைகளுக்குத் தீங்காக முடிந்தது. அந்தக் கூடுதல் மரணங்கள் எல்லாவற்றுக்கும் நுரையீரல் காரணம் இல்லை. ஆனாலும் வேகமாக ஏற்றுவது நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதை அது ஆணித்தரமாகக் காட்டியது.

நீரே கொடுக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். வாந்தியால் வற்றிப்போனவருக்கு நீர் வேண்டும், சர்க்கரை அளவு இறங்கியவருக்குக் குளுக்கோஸ் கட்டாயம் வேண்டும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை நோயாளியைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்யட்டும், நாம் கேட்டு வாங்க வேண்டாம்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

முதல் மருந்து, நரம்பு வழியாக ஏற்றும் ஆர்ட்டிசுனேட். முதல் ஊசி, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். ஒடிசாவின் ரூர்கேலா மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது. நோயாளி விழுங்கும் நிலைக்கு வந்ததும் முழுக் கூட்டு மாத்திரைச் சிகிச்சையையும் முடிக்க வேண்டும்.

நுரையீரலுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. அது தானாக ஆறும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் வேலை. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பார்கள். நீர் அதிகம் ஏறியிருந்தால் சிறுநீர் பெருக்கும் ஊசி, சிறுநீரகம் நின்றிருந்தால் டயாலிசிஸ். அப்படியும் தாங்காவிட்டால் வென்டிலேட்டர். அதிலும் காற்றைப் பெரிய அளவில் திணித்தால் புண்ணான நுரையீரல் மேலும் கிழியும் என்பதால், உயரத்தை வைத்துக் கணக்கிடும் உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்ற சிறிய அளவில்தான் செலுத்துவார்கள். மூளையும் பாதிக்கப்பட்டிருந்தால் சிக்கல் கூடுகிறது. சிறிய மூச்சுகளால் கரியமில வாயு ரத்தத்தில் சேரும், அது மூளையின் அழுத்தத்தை ஏற்றிவிடும். இரண்டையும் சமன்செய்ய ஐசியு அனுபவம் வேண்டும். அதனால்தான் சின்ன மருத்துவமனைகள் இப்படிப்பட்டவர்களைச் சீக்கிரமே பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது. அனுப்புவதற்கு முன் முதல் ஆர்ட்டிசுனேட் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவது அதைவிட முக்கியம்.

கொரோனாவில் உதவிய ஸ்டீராய்டு இங்கேயும் உதவுமே என்று சிலர் கேட்கிறார்கள். மலேரியாவில் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. மூளை மலேரியாவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வந்தது. மயக்கம் தெளிய இன்னும் அதிக நேரம் ஆனதுதான் கண்ட பலன்.

பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது

கடிகாரம் ஒன்று போதும். நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போது, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், தப்பு வரும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. காய்ச்சல் அதிகமாக இருக்கும் நேரத்தில் கொஞ்சம் கூடும். காய்ச்சல் இறங்கிய பிறகும் 25க்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், 30ஐத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50.

கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் எடுத்து, பேட்டரி மாற்றி வையுங்கள். அதில் தெரியும் ஆக்சிஜன் அளவு 95க்குக் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 92க்குக் கீழே போவதும் நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு விடுவதும் சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படியே அது தீவிர மலேரியா. குளிர் நடுக்கத்தில் விரல் சில்லிட்டிருக்கும்போது கருவி தப்பாகக் காட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள்.

எண் எதுவும் பார்க்காமலே தெரியும் அடையாளங்களும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுவது, உதடு நீலம் பாரிப்பது, சிறுநீர் குறைந்துபோவது. மருந்து ஆரம்பித்த முதல் மூன்று நான்கு நாட்களுக்கு, இரவிலும், இதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பிழைத்து வந்தவர்களுக்கு நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே ஆறுகிறது. சில வாரங்களுக்கு மாடிப்படி ஏறினால் இரைக்கலாம், ஐசியுவில் நீண்ட நாள் கிடந்தவர்களுக்குத் தசை பலவீனம் போக மாதக்கணக்காகும். வந்தது வைவாக்ஸ் என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடந்து பல வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி கிளம்பும். அதை அழிக்க இந்தியாவில் 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அது கூடாது, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவரின் யோசனையோடுதான் கொடுக்க வேண்டும். மற்றவர்கள், உடம்பு தேறிவிட்டதே என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடாமல், 14 நாளும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.